மூன்று பக்கம் தெரிந்தால் போதுமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வாங்குகிறவர் பட்டாவோடு புலப்படத்தையும் கேட்டு வாங்குவார். அதில் முக்கியமாக இருப்பவை நீளங்கள்: கல்லுக்குக் கல் உள்ள தூரம், குறுக்கே ஓடும் கோடுகளின் அளவு. நிலம் எத்தனை மூலை கொண்டதானாலும் முக்கோணங்களாகப் பிரித்தால் அளந்துவிடலாம். நான்கு பக்கமும் தெரிந்த நாற்கரம் சாய்ந்து வேறு வடிவம் எடுக்கும். மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்துக்கு ஒரே வடிவம்தான். ஆனால் எல்லா முக்கோணத்தையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. எதை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்துக் காட்டுவதுதான் முக்கோண வகைப்பாட்டின் உண்மையான பயன்.

மூன்று பக்கமும் 40 மீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தின் பரப்பு சுமார் 693 சதுர மீட்டர். ஒரு பக்கத்தைத் தவறுதலாக 41 என்று குறித்தால் 704 ஆகும். பிழை இரண்டு விழுக்காடு கூட இல்லை. இப்போது 60, 40, 21 மீட்டர் பக்கங்கள் கொண்ட அசமபக்க முக்கோண நிலத்தைப் பாருங்கள். பரப்பு சுமார் 156. அந்த 21ஐ 22 என்று எழுதினால் 223க்கு மேல் போய்விடுகிறது. 20 என்று எழுதினாலோ முக்கோணமே இல்லை. இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் அசமபக்க முக்கோணம் என்றாலே ஆபத்தா என்று கேட்கலாம். இல்லை. 30, 40, 50 மீட்டரும் அசமபக்கம்தான். அதன் 50ஐ 51 ஆக்கினாலும் 600 சதுர மீட்டர் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அது செங்கோணம். பெரிய பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கக் கூடுதலை வெகுவாக மிஞ்சினால் அது அகன்ற விரிகோணம். எச்சரிக்கை தேவைப்படுவது அங்கேதான். ஆகவே பக்க வகையையும் கோண வகையையும் சேர்த்தே படிக்க வேண்டும். மலைச்சரிவில் கோண வகையை அறிவது இன்னும் அவசியம், ஏனென்றால் சரிவும் ஏற்றமும் கிடைத்தூரமும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். சரிவோடு 50 மீட்டர் சங்கிலி போட்டு, ஏற்றம் 30 மீட்டர் என்றால், வரைபடத்தில் சேர வேண்டிய கிடைத்தூரம் 40 மட்டுமே.

செயற்கைக்கோள் கருவி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பார்கள். அந்தக் கருவியும் தூரங்களைக் கொண்டே இடத்தைக் கணிக்கிறது. பள்ளத்தாக்கில் மலை வானத்தை மறைத்து, செயற்கைக்கோள்கள் ஒரே பக்கம் குவிந்து தெரிந்தால் அதன் பிழையும் பெருகும். 1802இல் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை, அதாவது அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டை, அளந்து நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையும் நல்ல வடிவத்தை நம்பியே தெற்கெங்கும் விரிந்தது. எனவே பள்ளியில் வகையின் பெயரோடு நிறுத்தக் கூடாது. ஒரு மீட்டர் பிழை இந்த முக்கோணத்தை என்ன செய்யும் என்ற கேள்வியையும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.