கைத்தொழிலுக்கும் மதிப்பெண்

மாணவர்களே,

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பத்தாண்டு வெல்டிங் வேலை செய்தவரும், சான்றிதழ் இன்மையால் உதவியாள் கூலிக்கே நிற்க நேரலாம். தெரிந்த தொழிலை முதலிலிருந்து கற்றுவா என்று அவரை அனுப்புவது முறையாகுமா?

இதற்கு விடையே ‘முன்கற்றல் அங்கீகாரம்’. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பெற்ற தேசியத் திறன் தகுதிச் சட்டகம் இதற்கு இடமளித்தது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகமோ, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 40 என வகுத்து, பணியனுபவத்தையும் கணக்கிற் சேர்த்தது.

ஆயினும், ஆண்டுகள் மட்டுமே மதிப்பெண் ஆகிவிடா. தேர்வாளர் முன்னிலையில் தகட்டை இணைத்துக் காட்டவேண்டும். மின்னோட்டத்தை ஏன் கூட்டினோம், ஏன் குறைத்தோம் என்பதையும் சொல்லவேண்டும். கை அறிந்த பலவற்றை வாய் சொல்ல அறியாது. தேர்வில் தெரியவரும் குறையை மட்டும் பயின்று நிறைவுசெய்தால் போதும்.

பள்ளிக்கு வராதவர் கல்லாதவர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தவன் நான். அது பிழை. உங்கள் தந்தையோ தமையனோ இத்தகையவராயின், அவர் செய்த வேலை, இடம், காலம், கையாண்ட கருவி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொடுங்கள். அவர் கைக்கு உங்கள் எழுத்துத் துணையாகட்டும்.