சலவை இயந்திரம் ஏன் ஆடுகிறது?

அப்புத்தளையில் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. காலையில் வெயில் எறிக்கும். மத்தியானம் மூடுபனி இறங்கிவிடும். பீலிக்கரையில் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் அடுப்பங்கரையில் தொங்குவதை நாம் எல்லோரும் அறிவோம். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டோ மரக்கறித் தோட்டத்தில் நின்றுவிட்டோ வரும் பெண்ணுக்கு, துணியைப் பிழிந்து தரும் இரட்டைத் தொட்டி இயந்திரம் ஆடம்பரப் பொருளல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் வீடிழந்தவர்களுள் பலர் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்க நேர்ந்தது. இவ்வாறு இடம் மாறும் குடும்பங்களுடன் பொருட்களும் லொறியில் குலுங்கி வருகின்றன. புதிய இடத்தில் இயந்திரம் சத்தமிட்டு ஆடினால் "பழுதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடுகிறோம். பல வேளைகளில் பழுது இயந்திரத்தில் இல்லை. அது நிற்கும் தரையில் இருக்கிறது.

1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கொழுந்து அரைக்கும் ரோலர்களை உறுதியான தளத்தில் பூட்டியிருப்பது வீணுக்கல்ல. சுழலும் பொருள் எதுவாயினும் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் இழுக்கும். பிழியும் கூடை நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும்போது, நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பக்கத்தில் 100 கிராம் ஈரத்துணி கூடினால், சுமார் 11 கிலோ பாரம் சுற்றிச் சுற்றி இழுப்பதற்கு அது சமம்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கூடை முற்றாக நிற்கும் வரை கை வைக்க வேண்டாம்.

பின்பு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி இயந்திரத்தின் மேல் வையுங்கள். தண்ணீர் சாயும் பக்கமே தரை தாழ்ந்த பக்கம். திருகும் கால்கள் இருந்தால் திருகி மட்டமாக்குங்கள்; இல்லையேல் தட்டையான பலகைத் துண்டை வையுங்கள். மண்தரையானால் அகலமான கல் பதித்து, அதன்மேல் நிறுத்துங்கள். எதிரெதிர் மூலைகளை அமுக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. சுவரிலும் முட்டக்கூடாது.

அடுத்து வெறுமையாக ஓடவிடுங்கள். வெறுமையாக அமைதியாக ஓடி, துணி போட்டதும் ஆடினால் குறை அடுக்கியதில் உள்ளது. ஒரு கனத்த போர்வையைத் தனியே போடாமல், துணிகளைக் கூடையைச் சுற்றிச் சமமாகப் பரப்பி அமுக்கி, உள்மூடியை வையுங்கள். வெறுமையாகவும் ஆடினால் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்கோ இறப்பரோ போயிருக்கலாம். உறுமினால் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். கிறீச்சென்று தேய்ந்தால் பிரேக் விலகாமல் இருக்கலாம். கடகடத்தால் காசு, பொத்தான், ஊசி சிக்கியுள்ளதா என்று பாருங்கள். முழுத் தானியங்கி முன்கதவு இயந்திரமானால், லொறிப் பயணத்துக்காகப் பின்புறம் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்றும் கவனியுங்கள்.

பின்மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருக்கே உரியது. பிளக்கைக் கழற்றிய பின்பும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெள்ளத்திலோ சேற்றிலோ மூழ்கிய இயந்திரத்தை, காய்ந்துவிட்டதென்று நம்பி ஓடவிட வேண்டாம். ஈரத்தரையில் எர்த் இல்லாத பிளக் உயிரைக் குடிக்கும். தற்காலிகக் கொட்டிலில் இழுத்த வயருக்கும் இது பொருந்தும்.

பழுது பார்ப்பவரிடம் போவதானால் "ஆடுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெறுமையாக ஆடுகிறதா, துணியோடு ஆடுகிறதா, எவ்வகைச் சத்தம் என்று சொல்லுங்கள். தேவையற்ற பாகத்துக்குக் காசு கொடுக்காமல் தப்பலாம். அந்தக் காசு ஒரு நாள் சம்பளமாகவும் இருக்கலாம்.