பழைய குழல் விளக்கும் அதன் பிணிகளும்

1904-ஆம் ஆண்டிலேயே மின்சார ஒளியைக் கண்ட ஜார்ஜ் டவுன் மாநகரில், பினாங்குத் துறைமுகத்தை அடுத்த வெல்ட் கீயிலிருந்து லெபோ பாசார் வரையில் நடந்து செல்லும் ஒருவர், ஐந்தடி நடைபாதைகளின் மேல்தளத்திலும் பழைய கடைவீடுகளின் உள்ளேயும், மலாய்க்காரர் கலிமந்தாங் என்றும் நம்மவர் டியூப் லைட் என்றும் வழங்கும் நான்கடிக் குழல் விளக்குகள் இன்னமும் எரிவதைக் காணலாம். அவற்றுள் ஒன்று சிமிட்டத் தொடங்கிய மாத்திரத்தில் குழலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை மாட்டுவது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. ஆனால் குற்றம் பல சமயங்களில் குழலைச் சார்ந்ததன்று என்பதை, அவ்விளக்கு எரியும் முறையை அறிந்தவர் எளிதில் உணர்வர்.

1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இச்சாதனத்தினுள், மிகச் சொற்ப அழுத்தத்தில் ஆர்கான் வாயுவும், சிறிதளவு பாதரசமும் அடங்கியிருக்கின்றன. இரு முனைகளிலும் உள்ள டங்ஸ்டன் கம்பிச் சுருள்கள், பேரியம் முதலிய உலோகங்களின் ஆக்சைடு பூசப்பெற்றவையாதலால், உஷ்ணம் ஏறியவுடன் எலெக்ட்ரான்களைத் தாராளமாக வெளியிடுகின்றன. அவை பாதரச அணுக்களோடு மோதும்போது பிறக்கும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர், கண்ணுக்குப் புலப்படாததாயினும், குழலின் உட்சுவரில் பூசிய வெண்பொடியில் பட்டு நாம் காணும் பிரகாசமாக மாறுகிறது.

இதைத் தொடங்கிவைப்பது ஸ்டார்ட்டர். கட்டுக்குள் வைப்பது சோக்கு. ஸ்டார்ட்டரின் சிற்றுருளையைத் திறந்து பார்த்தால், சுண்டுவிரல் நுனியளவான கண்ணாடிக் குமிழொன்றும், ரேடியோவில் இரைச்சல் எழாமல் தடுக்கும் மின்தேக்கி ஒன்றும் காணப்படும். சுவிட்சைப் போட்டதும் குமிழிலுள்ள வாயு ஒளிர, அச்சூட்டில் ஈருலோகத் தகடு வளைந்து சுற்றை மூட, மின்னோட்டம் குழலின் இரு சுருள்களையும் சூடேற்றுகிறது. சுற்று மூடியதால் குமிழின் ஒளி அவிந்து, தகடு குளிர்ந்து பிரிகிறது. பிரியும் அக்கணத்தில், இரும்புத் தகடுகளின்மேல் செப்புக் கம்பி சுற்றிய சோக்கு, பல நூறு வோல்ட் அழுத்தத்தை எழுப்பிக் குழலுக்குள் மின்பாய்ச்சலைத் தோற்றுவிக்கிறது. பாய்ச்சல் ஏற்பட்டபின் குழலின் தடை குறைந்துகொண்டே போகும் இயல்புடையதாகையால், சோக்கு இடையில் நின்று மின்னோட்டத்தை மட்டுப்படுத்தாவிடில் குழல் கணப்பொழுதில் அழிந்துபோகும்.

இந்த வரிசையை மனத்தில் கொண்டவருக்கு நோய் நாடுதல் கடினமன்று. முனைகள் இரண்டும் செவ்வொளியுடன் தணல்போல் நிற்க, நடுப்பகுதி இருண்டே கிடந்தால், ஸ்டார்ட்டரின் தகடு ஒட்டிக்கொண்டது அல்லது அதன் மின்தேக்கி பழுதுற்றது என்று பொருள். ஸ்டார்ட்டரை மட்டும் திருகிக் கழற்றிய உடனே விளக்கு எரியுமாயின் சந்தேகத்துக்கே இடமில்லை. ஓயாது சிமிட்டுவதோடு முனைகளும் கருத்திருந்தால், சுருளின் பூச்சு தேய்ந்து குழல் ஆயுள் முடிந்தது எனலாம்; ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அப்பூச்சு சிறிது தெறிப்பதால், அடிக்கடி அணைத்தேற்றும் விளக்கு விரைவில் மூப்படைகிறது. முனைகள் வெண்மையாகவே இருந்தும் சிமிட்டினால், முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது மலிவான ஸ்டார்ட்டரையே.

சற்றும் உயிர்ப்பில்லாத விளக்கில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குழலின் ஊசிகளையும் அவை பொருந்தும் பிடிகளையும் முதலில் நோக்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் ஓயாத துறைமுகப் பட்டினத்தில், பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறி மின்தொடர்பு அறுந்துபோவது இயல்பு. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே போதிய நிவாரணமாகலாம். அதன்பின் மீட்டர் கொண்டு சுருள்களில் தொடர்ச்சி உண்டா என்று பார்த்து, அவை செம்மையாயிருப்பின் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் பரீட்சிக்கலாம். புதிதாக மாட்டிய குழல் பளீரென்று ஒரு முறை மின்னி அவிந்தால், சோக்கின் சுற்றுகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன என்று ஐயுற்று, அடுத்த குழலைப் பலியிடாமல் நிறுத்திக்கொள்வதே விவேகம். தார் கருகும் நாற்றமும் மிகுந்த ரீங்காரமும் அதே சோக்கை மாற்றச் சொல்லும் அறிகுறிகள்.

இவ்வளவு கவனம் வேண்டுவது பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மாத்திரமன்று. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் ஆலைக் கழிவோடு கலந்த பாதரசம், மீன் வழியாக மக்களின் நரம்புகளைச் சிதைத்தது; அந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1956-இல்; அவ்வூரின் பெயர் தாங்கிய சர்வதேச உடன்படிக்கையின்கீழ், குழல் விளக்குகளின் உற்பத்தியை 2027-க்குள் முடிவுக்குக் கொண்டுவர 2023-இல் நாடுகள் தீர்மானித்தன. எல்.இ.டி. வந்துவிட்டதாயினும், மாட்டியுள்ள குழல்கள் இன்னும் சில ஆண்டுகள் எரியவே செய்யும். உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் விலகியிருந்தபின், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரக் காகிதத்தால் துண்டுகளை ஒற்றியெடுத்து மூடிய கலத்தில் வைப்பதும், ஆயுள் முடிந்ததைக் குப்பையில் போடாமல் அபாயக் கழிவாக ஒப்படைப்பதும் கடமை. சில காசு பெறும் ஸ்டார்ட்டரின் குற்றத்துக்காக நல்ல குழல் ஒன்றை எறிகிறவர், வெளிவர வேண்டாத பாதரசத்தை, மீனை நம்பி வாழும் ஒரு தீவின் மண்ணுக்கும் கடலுக்கும் வழியனுப்புகிறார். காரணத்தைத் தெளிந்து காரியம் செய்பவரோ, விளக்கையும் காக்கிறார், கடலையும் காக்கிறார்.