மலையடிவாரத்துக் கருவிகள்: எளிய ரைபிளின் லட்சணம்

கவாத்துக் கத்திக்கும் களைக்கொத்துக்கும் அடுத்து இத்தொடரில் இடம் பெறவேண்டிய கருவி, மலையடிவார ஊரான தேவாரத்தில் நின்று மேற்கே சாக்கலூத்து மெட்டின் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு விவசாயம் செய்யும் ஒரு பழைய குடும்பம், பாட்டனார் காலத்து உரிமத்தோடு பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கக்கூடிய .315 ரைபிள். ராணுவம் உபயோகித்த .303 தோட்டா தனியார் கைக்குப் போகலாகாதென்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அரசு தடுத்துவிட்டதனால், அதே லீ-என்ஃபீல்டு யந்திரத்தில் ஆஸ்திரிய நாட்டு 8 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொருத்திச் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கி இது. முதலில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனியிலிருந்தும், பின்னர் வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலிருந்தும் வந்தது.

1907ஆம் வருஷத்தில், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிளின் மெருகையோ நளினத்தையோ இதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அரக்குப் பூச்சும் உலோகத்தின் கருமையும் விலை உயர்ந்ததற்கும் மலிவானதற்கும் உள்ள பேதத்தைக் காட்டுமே தவிர, நல்லதற்கும் கெட்டதற்கும் உள்ள பேதத்தைக் காட்டமாட்டா என்பது என் திடமான அபிப்பிராயம். மலிவு விலை ரைபிளில் தச்சுவேலையும் மெருகும் சுருங்கியிருக்கலாம், அதனால் தோஷமில்லை. குழலும் பூட்டும் சுருங்கியிருந்தால் அது எந்த விலைக்கும் தகாது.

பூட்டு என்று நான் சொல்வது போல்ட்டை. ரிக்பியின் மௌசர் யந்திரத்தில் அது தன் முன்நுனியில், தோட்டாவுக்கு அருகிலேயே பூட்டிக்கொள்கிறது. லீ-என்ஃபீல்டில் பின்பகுதியில் பூட்டுகிறது. ஆகவே வெடியின் அழுத்தத்தில் போல்ட்டு சற்றே நசுங்கிக்கொடுக்க, பித்தளை உறை நீள்கிறது. தேய்ந்த துப்பாக்கியிலோ, வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டியதிலோ இந்த நீட்சி மிஞ்சிப்போய் உறை அறுந்துவிடக்கூடும். எனவே போல்ட்டில் பொறித்த எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது முதற்பரீட்சை. சுட்டெடுத்த உறையின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தென்படுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. வளையம் தென்பட்டால், விற்பவர் எத்தனை சமாதானம் சொன்னாலும், தேர்ந்த ஆயுதக் கம்மியரிடம் காட்டாமல் அந்தத் துப்பாக்கியைச் சுடலாகாது.

குழலின் விஷயத்தில் இந்த மலைக்கென்றே ஒரு விசேஷத் தீங்கு உண்டு. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் குழலில் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். தென்மேற்குப் பருவத்தில் மூடுபனி இறங்கி நாட்கணக்காகத் துணியே உலராத ஏலக்காட்டில், சுட்ட மாலையே வெந்நீர் விட்டுக் கழுவாத குழல் ஒரு வாரத்திற்குள் கெட்டுவிடும். போல்ட்டை உருவி, பின்புறத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கும்போது உட்புரிகள் கூர்மையாகச் சுழன்று செல்லவேண்டும். கரும்புள்ளிகள் சில இருந்தால் மன்னிக்கலாம், புரியின் விளிம்பே மழுங்கியிருந்தால் மன்னிக்கலாகாது. சுத்தம் செய்யும் கயிறு உராய்ந்து உராய்ந்து குழல்வாய் ஒருபுறம் தேய்ந்திருந்தாலும் குண்டு நேர்வழியில் போகாது. மழைக்காலத்தில் மரக்கட்டை உப்பிக் குழலை ஒருபக்கம் தள்ளுவதும் உண்டு. கோடையில் சரியாகச் சுட்ட துப்பாக்கி ஐப்பசியில் குறி தவறுவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

நூறு கஜத்தில் ஐந்து குண்டுகளும் நான்கு அங்குல வட்டத்துக்குள் விழுமானால், இந்த விலைக்கு அது உத்தமமான ரைபிள். அதற்கு மேல் சிதறினாலும், "காட்டுப்பன்றிக்கு இது போதாதா?" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதை நான் முற்றிலும் வெறுக்கிறேன், ஏனெனில் அந்தச் சிதறலின் பலனை அனுபவிப்பது, குடல் கிழிந்து புதருக்குள் போய் இரண்டு நாள் துடிக்கும் பிராணி.

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிரை அழிக்கும் பன்றியைச் சுடத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வகுத்த விதியும், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையினர் சுடுவதற்கே இடம் தருகிறது. மலையை ஒட்டியே கிடக்கும் தேவாரத்துப் புஞ்சைகளுக்கு அந்தத் தூரம் எட்டாது. ஆயினும் உரிமம் உள்ளவரை ரைபிளைக் காப்பது உடையவரின் கடமை. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரலாம். அங்கே அது மாதக்கணக்கில் கிடக்கலாம். ஒப்படைக்குமுன் குழலுக்குள் கெட்டியாக எண்ணெய் தடவுங்கள். திரும்பப் பெற்ற அன்றே அதைத் துடைத்தெடுத்துவிட்டு, போல்ட்டின் எண்ணையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.