துணைப் பிரதமர் பதவி

அச்சங்குளம் போன்ற சிற்றூர்களில் ஊராட்சித் தலைவர் பதவி காலியாகுமாயின், துணைத் தலைவரே அப்பணியை ஏற்று நடத்தல் வேண்டும் என்பது சட்டம். நாட்டின் துணைப் பிரதமர் நிலையும் அத்தகையதோ எனின், அன்று. நம் அரசியலமைப்புச் சட்டத்தில் அப்பதவி கூறப்படவேயில்லை. 1989-ஆம் ஆண்டில் தேவிலால் துணைப் பிரதமர் எனக் கூறி உறுதிமொழி ஏற்றபொழுது வழக்கு எழுந்தது. அஃது ஓர் அடைமொழியே. சட்டத்தின்முன் அவரும் அமைச்சருள் ஒருவரே என உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

1964-இல் நேரு மறைந்தபொழுது துணைப் பிரதமர் எவரும் இலர். உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். ஆட்சி தடையின்றி நடந்தது.

ஆயின், இப்பதவியால் யாது பயன்? 1947 முதல் 1950 வரை துணைப் பிரதமராயிருந்த வல்லபாய் பட்டேல், உள்துறையோடு சமஸ்தானங்களின் துறையையும் தாங்கி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணையப் பாடுபட்டார். நேருவோடு கருத்து வேறுபட்ட காலத்தும் அவர்தம் தலைமைக்குத் துணை நின்றார்.

1967-இல் காங்கிரஸ் தலைவராயிருந்தவர் விருதுநகர் ஈன்ற காமராசர். பிரதமர் பதவிக்குப் போட்டி நேராவண்ணம் அவர் சமரசம் செய்தார். இந்திரா காந்தி அம்மையார் பிரதமராகத் தொடர்ந்தார். மொரார்ஜி தேசாய் துணைப் பிரதமரும் நிதியமைச்சரும் ஆனார். 1969-இல் நிதித்துறையைப் பிரதமர் தம்பால் எடுத்துக்கொண்டார். வெறும் பட்டத்தை விரும்பாத தேசாய் பதவி துறந்தார்.

ஆதலின், இப்பதவிக்கு வலிமை தருவன பிரதமரின் நம்பிக்கையும், ஏற்ற துறையில் ஆற்றும் தொண்டுமே ஆகும். வகுப்பிலும் விளையாட்டிலும் துணைத் தலைமை ஏற்கும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.