மலையகப் புதர்த்தவளைகளின் பாகுபாடும் பரம்பலும்: ஒரு வரலாற்று நோக்கு

உயிரினப் பாகுபாட்டைச் சமூகத்துக்குப் புறம்பான தூய அறிவு முயற்சியாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் புதர்த்தவளைகள் பற்றிய ஆய்வின் வரலாற்றை நோக்குமிடத்து இக்கொள்கை நிலைக்குமா என்பது ஐயமே. இத்தவளைகளுக்கு முதன்முதலிற் பெயர் சூட்டப்பட்ட காலமும் அவற்றின் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்ட காலமும் ஒன்றாகவே அமைந்தன.

இத்தவளைகள் இன்று சூடோபிலோட்டஸ் என்னும் சாதியுள் அடக்கப்படுகின்றன. வாற்பேய்ப் பருவம் இவற்றுக்கு இல்லை. பெண்தவளை ஈர மண்ணிலோ, சில இனங்களில் இலையின் அடிப்புறத்திலோ முட்டையிடும். முட்டையினுள்ளேயே வளர்ச்சி நிறைவுற்று முழுவடிவத் தவளைக்குஞ்சு வெளிவரும். தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலைகளிற் பல்கிக் கிடக்கும் பிரிஸ்டிமாண்டிஸ் சாதியும், உறவின்முறையால் மிகத் தொலைவிலிருந்தும், இதே வழியைக் கைக்கொண்டுள்ளது. நீர்நிலையைச் சாராத இவ்வாழ்க்கை தவளைக்கு விடுதலை அளிப்பதுபோலத் தோன்றலாம். உண்மையில், நீருக்குப் பதிலாகக் காட்டு நிலத்தின் ஈரத்தையே அது சார்ந்து நிற்கின்றது. மரக்கவிகை நீங்கி மண் காய்ந்தால் முட்டையும் காயும். இதனாற் பல இனங்கள் ஒரு மலைத்தொடருக்குள்ளேயே, சில ஓரிரு சிகரங்களுக்குள்ளேயே ஒடுங்கியுள்ளன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிகளிலிருந்து 2011இல் விவரிக்கப்பட்ட ஹங்கெனி இனம் மகாவலிக்கு இப்பாலுள்ள நுவரெலியா மலைகளில் இல்லை. இத்தகைய பரம்பலுடைய ஓர் இனத்தை அழிக்க ஒரு தோட்டத்தின் பரப்பே போதுமானது.

அப்பரப்பு எவ்வாறு கிடைத்தது என்பதை நாம் அறிவோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், உரிமையை ஆவணத்தால் நிறுவவியலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாக்கித் தோட்டமுதலாளிகளுக்கு விற்க வழிசெய்தது. காடு வெட்டுதலிற் பெரும்பகுதி சிங்களக் கிராமத்தவரைக் கூலிக்கமர்த்திச் செய்விக்கப்பட்டது. வெட்டிய நிலத்தைப் பயிராக்கியவர்கள் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர். கோப்பி இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவியது. 1869இல் தோன்றிய இலைநோயால் அது வீழ்ந்ததும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அந்நிலங்களிலே குடிபுகுந்தது. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடுமாறு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். அந்த எல்லைக்குக் கீழேயோ பெரும்பகுதி முன்னரே பறிபோயிருந்தது.

இக்காலத்திலேயே, இலங்கையிற் பிறந்து படைமருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் கெலாட் மலைநாட்டுத் தவளைகளை விவரிக்கலானார். நுவரெலியாவிற் கிடைத்த ஒன்றை 1853இல் அவர் ஸ்டெலாட்டஸ் எனப் பெயரிட்டார். அதன் மூலமாதிரி பின்னர் தொலைந்தது. தவளையும் ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணிற் படவில்லை. சிவனொளிபாதமலைக் காட்டில் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் குழுவினரும் அதனை மீளக் கண்டமை 2013இல் அறிவிக்கப்பட்டது. அக்காட்டிலிருந்து அவ்வாண்டிலேயே எட்டுப் புதிய இனங்களையும் அவர்கள் விவரித்தனர். அட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து நிமிர்ந்து பார்த்தாற் தெரியும் மலை அது.

இலண்டனில் குந்தரும் பின்னர் பூலெஞ்சரும் ஜாடிகளிலிருந்த மாதிரிகளைக் கொண்டு வகுத்த பாகுபாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. பல ஜாடிகளில் இடமெனக் குறிக்கப்பட்டது 'சிலோன்' என்ற ஒரு சொல்லே. எந்த மலை, எந்த ஓடை என்ற வினா ஏகாதிபத்தியத்தின் களஞ்சியத்துக்கு அத்துணை முக்கியமாயிருக்கவில்லை போலும்! இந்நிலையை மாற்றியவர்கள் காடுகாடாக அலைந்த உள்நாட்டு ஆய்வாளர். மாதவ மீகஸ்கும்புரவும் சகாக்களும் 2002இல், உருவமைப்பு, குரல், மரபணு ஆகியவற்றை ஒருங்கே நோக்கி, இத்தீவிற் புதர்த்தவளை இனங்கள் நூற்றுக்கு மேலிருக்கலாம் என மதிப்பிட்டனர். 2005இல் கெலும் மானமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெதியாகொடவும் 27 புதிய இனங்களை ஒருசேர விவரித்தனர். பிலோட்டஸ் சாதியுள் வைக்கப்பட்டிருந்த இவை 2009இல் இன்றைய சாதிக்கு மாற்றப்பட்டன.

இம்மறுபாகுபாடு தந்த மற்றொரு முடிவு கொடியது. பழைய ஜாடிகளிலுள்ளனவற்றிற் பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் எக்காட்டிலும் இன்றில்லை. இறம்பொடையில் 1876க்கு முன் சேகரிக்கப்பட்ட ஒரு தவளை, தனி இனமென 2007இலேயே உணரப்பட்டு மாயா எனப் பெயர் பெற்றது. பெயர் கிடைத்தபோது அதற்கு உரியது எதுவும் உயிரோடில்லை.

சூழற் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் சிலர் இன்று, விறகு பொறுக்கும் லயத்துப் பெண்ணையும் காட்டோரத்தில் மரக்கறி நடுபவனையும் முதற் குற்றவாளிகளாக்குகின்றனர். விறகுவெட்டாற் காட்டுக்கு ஊறில்லை என்பது நமது வாதமன்று. ஆயினும் ஈரவலயக் காட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடே எஞ்சியிருப்பதற்குக் கணக்குக் கேட்பதானால், 1840ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும். தோட்ட நிலத்தில் நூற்றைம்பது ஆண்டு உழைத்தும் வீட்டுக்கென ஒரு துண்டு நிலத்தின் உறுதியைப் பெறாத குடும்பங்கள் மலையகத்தில் இன்றும் உள்ளன. சிதறிய காட்டுத் துண்டுகளைத் தோட்டங்களினூடாக இணைத்து மரம் நடவேண்டும் எனக் கூறப்படுகின்றது. அதைச் செய்யப்போகும் கைகளும் அக்குடும்பங்களுடையனவே.