ஆறு தோட்டாவும் அரை நிலாவும்

சினிமாவில் ஹீரோ ரிவால்வரை எடுத்துவிட்டால் யாரும் குண்டுகளை எண்ணுவதில்லை. இருப்பதோ ஆறு. பதினெட்டு தடவை சுடுவார். அதைக்கூட மன்னித்துவிடலாம். செத்துக் கிடக்கும் அடியாளின் பிஸ்டலிலிருந்து குண்டுகளை உருவித் தன் ரிவால்வரில் போட்டுக் கொள்வார் பாருங்கள், அங்கேதான் பக்கத்து ஸீட் நண்பர் என் காதைக் கடித்தார். "அது எப்படி ஸார் இதுல சேரும்?"

சேராது. ஆனால் சேர வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டில் அல்ல, ஏறக்குறைய மூன்று லட்சம் ரிவால்வர்களில்.

1917 ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இறங்கிய பிறகுதான் ஸ்டாக்கைப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி போதவில்லை! ராணுவத்தின் அதிகாரபூர்வ ஆயுதம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 மாடல் .45 பிஸ்டல். அருமையான சரக்குதான். ஆனால் லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்துக் கப்பலேற்றும் வேகத்துக்கு பிஸ்டல் தயாரிப்பு ஈடுகொடுக்கவில்லை. பி.காம். படித்தவனுக்கு இது பழகின சமாசாரம். டிமாண்ட் ஒரு பக்கம், சப்ளை ஒரு பக்கம், நடுவில் மேனேஜர் முழி பிதுங்கி நிற்பார்.

கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு கம்பெனிகளிடமும் பெரிய ரிவால்வர் செய்யும் மெஷின்கள் தயாராக இருந்தன. ரிவால்வர் வாங்கிக் கொண்டால் போச்சு. ஆனால் அதற்குத் தனி தோட்டா, பிஸ்டலுக்குத் தனி தோட்டா என்றால் யுத்த களத்தில் என்ன ஆகும்? பெட்டி மாறி வந்தால் கையில் துப்பாக்கி இருந்தும் சிப்பாய் நிராயுதபாணி. அதனால் ராணுவம் ஒரு நிபந்தனை போட்டது. ரிவால்வர் எதுவாக இருந்தாலும் சரி, பிஸ்டலின் தோட்டாவையே அது சுட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஆணித் தலை மாதிரி ஒரு விளிம்பு உண்டு. பலகையில் துளை போட்டு ஆணியை விட்டால் தலை தட்டி நின்றுவிடும் அல்லவா? அதே மாதிரி தோட்டா சிலிண்டர் துளையில் விளிம்பால் நிற்கும். சுட்டு முடிந்ததும் நட்சத்திர வடிவத்தில் ஒரு தகடு அந்த விளிம்பைப் பிடித்து ஆறு காலி உறைகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளும். பிஸ்டல் தோட்டாவோ தலையில்லாத ஆணி. விளிம்பு துருத்திக் கொண்டிருந்தால் பிஸ்டலின் மேகஸினில் ஒன்றோடு ஒன்று மாட்டிக் கொள்ளும் என்பதால், விளிம்புக்குப் பதில் ஒரு பள்ளம் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதை ரிவால்வரில் போட்டால் நட்சத்திரத் தகட்டுக்குப் பிடிப்பு கிடையாது. கோல்ட் கம்பெனியின் ஆரம்ப கால ரிவால்வர்களில் துளை ஒரே சீராக இருந்ததால், தோட்டா அதிகமாகவே உள்ளே நழுவியது. அப்புறம் சுத்தியல் எதை அடிப்பது?

தீர்வைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஆபீஸ் ஜெம் கிளிப்புக்கு அண்ணன் மாதிரி ஒரு தகடு. மெல்லிய எஃகில் அரை நிலா வடிவம். அதில் மூன்று வாய். ஒவ்வொரு வாயிலும் தோட்டாவின் பள்ளத்தை அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக் கொள்ளும். இரண்டு அரை நிலா, ஆறு தோட்டா. விளிம்பு செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அந்தத் தகடு செய்துவிட்டது. தோட்டாவை நிறுத்தும், காலி உறையை வெளியே கொண்டு வரும். போனஸாக, ஒவ்வொன்றாகத் திணிக்காமல் மும்மூன்றாகப் போடலாம். சில பைசா பெறுமான தகடு ஒரு ராணுவத்தின் தலைவலியைத் தீர்த்துவிட்டது! இரண்டு கம்பெனி ரிவால்வருக்கும் 1917 மாடல் என்று ஒரே பெயர்.

யுத்தம் முடிந்து இவை பொதுமக்கள் கைக்கு வந்தபோது, அந்தத் தகடுகள் தொலைந்து போக ஆரம்பித்தன. (ஜெம் கிளிப் என்றைக்கு ஸார் இருந்த இடத்தில் இருந்திருக்கிறது?) அதனால் 1920-ல் பீட்டர்ஸ் என்ற தோட்டாக் கம்பெனி, அதே .45 தோட்டாவுக்குத் தடித்த விளிம்பு வைத்து 'ஆட்டோ ரிம்' என்று விற்பனைக்கு விட்டது. ஆக, அதே ரிவால்வரில் தகடோடு ஒரு ஜாதி, தகடில்லாமல் இன்னொரு ஜாதி. பிரேஸில் 1937-ல் இந்த மாடலில் 25,000 வாங்கிக் கொண்டது.

எல்லாக் கதையும் இவ்வளவு சுபமாக முடியவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்ளி ரிவால்வர் .455 ரகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை அமெரிக்காவில் மலிவாகக் குவிந்தன. துப்பாக்கி கிடைத்தது, .455 தோட்டா லேசில் கிடைக்கவில்லை. .45 தோட்டாவோ அங்கே மளிகைச் சாமான் மாதிரி. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டு, அரை நிலாத் தகட்டோடு .45 போடும்படி ஆக்கி விற்றார்கள்.

உள்ளே போயிற்று. சுடவும் செய்தது. ஆனால் .45 தோட்டாவின் அழுத்தம், அந்த வெப்ளி எதற்காகக் கட்டப்பட்டதோ அதைவிட அதிகம். 1917 மாடலில் தோட்டாவை மனதில் வைத்துத் துப்பாக்கியைச் செய்தார்கள். இங்கே விற்க வேண்டிய சரக்கை மனதில் வைத்துச் சீவினார்கள். நூறு தடவை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். நூற்றியோராவது தடவை சிலிண்டர் பிளந்தால், துண்டு பறப்பது எதிரி பக்கம் அல்ல, பிடித்திருக்கும் கை பக்கம். இன்றும் விஷயம் தெரிந்த சேகரிப்பாளர்கள் சீவப்பட்ட வெப்ளியில் வழக்கமான .45-ஐப் போட மாட்டார்கள். சீவாத வெப்ளிக்குத்தான் அவர்களிடம் மவுசு.

இந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்தவர்களும் உண்டு. 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. பழைய .38 ஸ்பெஷலும் இதுவும் ஒரே பருமன்தான். .38 என்பது பெயருக்கு, அளந்து பார்த்தால்.357! மேக்னத்தில் மருந்தின் வேகம் மிக அதிகம். அதனால் அதன் உறையைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். பழைய ரிவால்வரில் அது முழுசாக நுழையாது. ஆனால் மேக்னம் ரிவால்வரில் பழைய .38 தாராளமாகப் போகும். பெரிய வீட்டில் சின்னக் குடும்பம் இருக்கலாம், அவ்வளவுதான். தினசரிப் பயிற்சிக்கு மலிவான .38, வேளை வந்தால் மேக்னம் என்று பல போலீஸ்காரர்கள் காலம் தள்ளியது இப்படித்தான்.

நியூ ஆர்லியன்ஸ் டாக்டர் லெமாட் 1856-லேயே வேறு வழியில் போனார். ஒன்பது குண்டு சிலிண்டர், அதன் அச்சுக்குப் பதிலாக ஒரு தடித்த குழல், அதில் சிதறு ரவை! சுத்தியலின் மூக்கைத் திருப்பினால் ரவைக் குழல் வெடிக்கும். உள்நாட்டுப் போரில் தென்பகுதித் தளபதி பியூரிகார்டு வைத்திருந்தார். மொத்தம் மூவாயிரம்கூடச் செய்யவில்லை. வைத்தியர் எதற்கு இந்த வேலைக்கு வந்தார் என்று கேட்காதீர்கள்.

அரை நிலா பிற்பாடு முழு நிலாவாக வளர்ந்தது. ஒரே தகட்டில் ஆறு தோட்டா. 1999-ல் ஜெர்ரி மிக்யுலெக் என்ற அமெரிக்கர் அப்படிப்பட்ட தகட்டோடு ஆறு சுட்டு, காலி உறைகளைக் கொட்டி, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார். மொத்தம் 2.99 விநாடி. பக்கத்து ஸீட் நண்பரிடம் சொன்னேன். "அப்போ நம்ம ஹீரோ பதினெட்டு சுட்டது நிஜமாக்கூட இருக்கலாம் போலிருக்கே" என்றார்.

இருக்கலாம். ஆனால் மிக்யுலெக் நடுவில் ஒரு தடவை நிரப்பினார் ஸார்!